ஐந்து வாசல் கடந்த குழம்பு

எல்லாரும் சௌக்கியமா? மழை நேரம், வீட்டில் யாருக்கும் காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே? வெந்நீராகவே குடியுங்கள். காய்ச்சல் என்றதும் ஒரு கதை ஞாபகம் வருகிறது.

ரொம்பக் காலத்துக்கு முன்னால் ஒரு நாட்டில் விஷக் காய்ச்சல் வந்தது. பூங்காவி என்ற வைத்தியச்சி அதற்குப் புதிதாக ஒரு கஷாயம் காய்ச்சினாள். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தால்தானே கேட்குமா என்று தெரியும்? அங்கே ஐந்து வைத்தியசாலைகள். கெடுதல் வருமா, நோயாளிக்குச் சம்மதமா என்று விசாரித்து அனுமதி தர ஒவ்வொன்றிலும் ஒரு சபை. முதல் சபை தேன் கலக்கச் சொன்னது. இரண்டாவது சபை தேன் கூடாது என்றது. தேனை எடுத்தால், “மருந்து மாறிப்போச்சே, முதல் சபைக்கே திரும்பப் போ” என்றார்கள். அவள் வண்டியில் அலைய, காய்ச்சல்காரர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

விகடகவி வேம்பன் அரசனிடம் போனான். “மகாராஜா, அஞ்சு சபையும் சேர்ந்து ஒரே தடவை விசாரிச்சா ஆகாதா?”

மந்திரி அனந்தகுணருக்கு வேம்பனைக் கண்டாலே ஆகாது. “உயிர் விஷயம் மகாராஜா. எத்தனை பேர் பார்க்கிறாங்களோ அத்தனை பத்திரம். இவனுக்கு எல்லாம் விளையாட்டு.”

“மந்திரி சொல்றது சரிதான்,” என்றான் அரசன். “என் உயிருக்கும் குடிகள் உயிருக்கும் ஒரே விதி. வேம்பா, நீயே அந்த விதியை நடத்திக் காட்டு. தவறினா ஊரை விட்டுக் கிளம்பு.”

“உத்தரவு மகாராஜா.”

மறுநாள் மதியம் அரசனுக்குச் சாப்பாடு வரவில்லை. வழக்கமாக ஓர் ஆள் ருசி பார்த்து, விஷமில்லை என்றால் இலைக்கு வந்துவிடும். பசி பொறுக்காமல் அரசனே எழுந்து போனான். அரண்மனையின் ஐந்து வாசலிலும் ருசி பார்க்க ஆள் நிறுத்தியிருந்தான் வேம்பன். நடுவில் சமையற்காரர், கையில் குழம்புச் சட்டி.

“என்னய்யா இது?”

“முதல் வாசல்ல புளி பத்தலைன்னாங்க மகாராஜா. ஊத்தினேன். அடுத்த வாசல்ல அதிகம்னாங்க. தண்ணி விட்டேன். குழம்பு மாறிடுச்சாம், முதல் வாசலுக்கே போகச் சொல்றாங்க. காலையிலேருந்து நடக்கிறேன்.”

“ஒருத்தன் பார்த்தா போதாதா?”

“ஒரே விதின்னு நீங்கதானே சொன்னீங்க?” என்று முன்னால் வந்தான் வேம்பன். “உங்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு தள்ளிப் போச்சு. அங்கே படுத்திருக்கிறவங்க அடுத்த வேளைக்கு இருப்பாங்களோ மாட்டாங்களோ.”

மந்திரி குறுக்கிட்டார். “ஒவ்வொரு வைத்தியசாலையிலும் நோயாளி வேற, மகாராஜா.”

“அதனாலதான் சொல்றேன் சாமி. மருந்தை ஒரே சபை பார்க்கட்டும். குடிக்கிறியான்னு அந்தந்த இடத்துல நோயாளியைக் கேக்கட்டும். இங்கே பாருங்க, இத்தனை பேர் குழம்பைப் பார்த்தாங்க. சாப்பிடுறீங்களான்னு மகாராஜாவை ஒருத்தர் கேட்டாங்களா?”

“நான் சாப்பிடுறேன்யா, கொண்டா,” என்று அரசன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அன்றே ஐந்து சபையிலிருந்தும் ஆள் வந்து ஒன்றாக உட்கார்ந்தார்கள். பொழுது சாய்வதற்குள் மருந்து வண்டிகள் கிளம்பின. அனுப்பி வைக்கும் வேலை மந்திரிக்கு. வேம்பனுக்கு முத்துமாலையும் அரசன் பக்கத்தில் ஓர் இலையும் கிடைத்தன. கஷாயம் பலருக்குக் கேட்டது, சிலருக்குக் கேட்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தானே கொடுத்துப் பார்த்தது.

உங்களையும் யாராவது இப்படி வாசல் வாசலாக அலைய விட்டிருப்பார்களே, அதை எனக்கு எழுதுங்கள்.