உப்பு நுழையாத தையல்

அந்தக் காலத்தில், கரையில் ஒரு புல்கூட முளைக்காதபோது, உயிரணுக்கள் பேசின. விடிந்து மூன்று நாழிகை. கழிமுகத்து நன்னீரில் மிதந்தவர்கள் அறுபத்து நான்கு பேர். மூத்தவள் பெயர் உவரி.

அவர்களுக்கு ஒரே சட்டம்: கிட்ட உறவு முட்டப் பகை. அடுத்தவளோடு மயிரிழை இடைவெளி விட்டே மிதப்பார்கள்.

அன்று கடல் பொங்கிக் கழிமுகத்துக்குள் ஏறியது. இளையவள் குமிழி இரண்டாகப் பிரியும் நேரம். அப்போது தோல் மெலிந்துவிடும். உப்பு பட்டால் சுருங்கிச் சாவாள்.

"அக்கா, எரியுது."

மற்ற அறுபத்து மூன்று பேரும் கொஞ்சம் நன்னீரோடு அவளை நடுவில் வைத்து உருண்டையாகச் சூழ்ந்தனர். அலை அடித்துச் சிதறினர். மீண்டும் கூடி, ஒவ்வொருத்தியும் தன் உடலுக்குள் ஓடிய நாரை இழுத்து அடுத்தவளின் நாரோடு முடிந்தாள். அடுத்த அலையை முடிச்சு தாங்கியது. மயிரிழை இடைவெளியில் உப்பு நுழைந்தது.

"இன்னும் எரியுது, அக்கா."

உவரி பக்கத்தில் மிதந்த தோழி செங்கழியை இழுத்தாள். "ஏட்டி, ஒட்டி நில்லு."

"முட்டப் பகைன்னு நீதானே வாய் ஓயாம சொல்லுவ?"

"பகைய பொறவு பாத்துக்கலாம். ஒட்டுனா இனி தனியா நீந்த முடியாது. சம்மதமா?"

"இதுவரைக்கும் நீ பெருசா நீந்திக் கிழிச்ச மாதிரி! ஒட்டு."

உவரி தன் தோலைச் செங்கழியின் தோலோடு சேர்த்து, வெளிவிளிம்பில் வரிவரியாகத் தைத்தாள். செங்கழி அடுத்தவளைத் தைத்தாள். கடைசித் தையல் விழுந்ததும் உப்பு நின்றது.

எதிர்ப்பக்கம் நின்றவர்களுக்கு அது தெரியவில்லை. சேதி போய்ச்சேர, செங்கழி தன் தோலையும் அடுத்தவளின் தோலையும் துளைத்து ஒரு நுண்குழாய் வைத்தாள். பார்த்தவர்கள் எல்லாரும் வைத்தார்கள்.

"குமிழி, எரியுதா?" என்றாள் உவரி.

"எரியல."

அந்தச் சொல் குழாய் குழாயாக ஓடியது. இமைப்பொழுதில் அறுபத்து மூன்று பேரும் ஒன்றாகச் சிலிர்த்தனர். கடல் அதுவரை அப்படி ஒன்றைக் கண்டதில்லை. அத்தனை பேர், ஒரே உடல்.

வெயில் ஏறியபோது குமிழி இரண்டானாள்.

அன்று முதல்தான் விலங்குகளின் உடலில் அண்டை உயிரணுக்கள் விளிம்பில் தையலும், அதன் கீழே முடிச்சும், ஊடே குழாயுமாக ஒட்டி வாழ்கின்றன. பகை வரவில்லை.

2019 மார்ச் 12 அன்று வேம்பார் கடற்கரையில் மீன் அரிந்துகொண்டிருந்த மரியபுஷ்பத்தின் உள்ளங்கை கிழிந்தது. மார்ச் 26 காலை, தோல் ஒட்டி மூடியிருந்த அந்தக் கையை அவர் கடல்நீரில் நனைத்தார். எரியவில்லை.