மயில் கொடுத்த நற்சான்று

அத்திமரங்கள் அடர்ந்த மலைச்சரிவில் ஒரு குரங்குக் கூட்டம் வாழ்ந்தது. அதன் தலைவன் பெயர் சடையன். தின்பது, உறுமுவது, எல்லா மந்திகளும் தனக்கே சொந்தம் என்று நெஞ்சை நிமிர்த்துவது. இவற்றைத் தவிர அது வேறு வேலை செய்து யாரும் பார்த்ததில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு கொடிய வழக்கம் இருந்தது. புதிய தலைவன் வந்ததும் பழைய தலைவனின் குட்டிகளைக் கடித்துக் கொன்றுவிடும். இதற்கு வீரம் என்று வேறு பெயர் வைத்திருந்தன கடுவன்கள் என்ற அந்த ஆண் குரங்குகள்! சடையன் தலைவனான அன்று வெள்ளச்சி என்ற மந்தி தன் முதல் குட்டியை இப்படித்தான் இழந்தது.

வெள்ளச்சி அழுதது. பிறகு யோசித்தது. அடுத்த பருவத்தில் சடையனோடு கூடியது. தலைமையைப் பிடிக்கப் பாறைப் பக்கம் காத்துக் கிடந்த மூன்று கடுவன்களோடும் கூடியது.

இதை ஒரு மயில் பார்த்துவிட்டது. அதன் வாய் சும்மா இருக்குமா?

“சீச்சீ! ஒருவன் போதாதா உனக்கு? மரத்துக்கும் பாறைக்குமாக அலைகிறாயே, மானம் இல்லையா? நீலியும் உன்னைப்போல ஒரு மந்திதானே, அவளைப் பார்! தலைவரைத் தவிர யாரையும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டாள். உத்தமி!”

அன்று காலையில்தான் அந்த மயில் நான்கு பெட்டைகளின் முன்னால் தோகை விரித்து ஆடிவிட்டு வந்திருந்தது. அதை யாரும் கேட்கக் கூடாது. அது கலையாம்!

“மானத்தை நீயே வைத்துக்கொள். எனக்கு என் குட்டி வேண்டும்!” என்றது வெள்ளச்சி. நீலியிடம் போய், “நீயும் ஒருமுறை பாறைப் பக்கம் போய்விட்டு வாடி” என்று கெஞ்சியது.

“ஐயோ, மயில் என்ன சொல்லும்?” என்றது நீலி.

இரண்டும் குட்டி ஈன்றன. மழைக்காலம் முடிந்ததும் பாறைக் கடுவன்கள் சண்டைக்கு வந்தன. சடையன் தலைதெறிக்க ஓடியது. மூன்றில் முரடான மொட்டையன் தலைமையைப் பிடித்தது. முதல் வேலையாகப் பல்லைக் காட்டிக்கொண்டு வெள்ளச்சியிடம் வந்தது.

“யார் குட்டி இது?”

வெள்ளச்சி வாய் திறப்பதற்குள் மயில் முந்திக்கொண்டது. “அதை ஏன் கேட்கிறீர்கள் தலைவரே! இவள் உங்களிடமும் வந்தாள், உங்கள் கூட்டாளிகளிடமும் போனாள். தகப்பன் யார் என்று இவளுக்கே தெரியாது!”

மொட்டையன் குனிந்து குட்டியைப் பார்த்தது. தன் மூக்கைத் தடவிக்கொண்டது.

“அட, என் மூக்கு!”

“காது என்னுடையது!” என்றது இரண்டாவது கடுவன்.

“வாலைப் பாருங்கள், அச்சு அசல் நான்!” என்றது மூன்றாவது.

எல்லாக் குரங்குக் குட்டிக்கும் அதே மூக்கு, அதே காது, அதே வால்தான். அவ்வளவு அறிவு இருந்தால் அவை ஏன் தலைமைக்கு அடித்துக்கொள்கின்றன! மூன்றும் அந்தக் குட்டியைச் சுற்றிப் பெருமையோடு காவல் நின்றன.

மொட்டையன் அடுத்து நீலியின் பக்கம் திரும்பியது. நீலி குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது.

“இதுவும்… உங்கள் மூக்குதான்” என்றது.

“பொய் சொல்லாதே நீலி!” என்று கத்தியது மயில். “உன் பெருமையை நீயே கெடுத்துக்கொள்ளாதே! தலைவரே, இவள் உத்தமி. சடையனைத் தவிர வேறு யார் நிழலும் இவள்மேல் பட்டதில்லை. நான் சாட்சி!”

மொட்டையனுக்கு அது போதும். பாய்ந்தது. வெள்ளச்சி குறுக்கே விழுந்து தடுத்தும் பயனில்லை. குட்டி செத்தது.

நீலி செத்த குட்டியை மடியில் போட்டுக்கொண்டு மயிலைப் பார்த்தது. “எனக்குப் பால் கட்டியிருக்கிறது. நீ வாங்கிக் கொடுத்த நல்ல பெயருக்கா ஊட்டுவேன்?” என்று கேட்டது.

மயில் அடுத்த மரத்துக்குப் பறந்து போய், அங்கே வேறு யாரைப் பற்றியோ பேச ஆரம்பித்தது.

குட்டியைக் கொல்பவனைக் கண்டிக்க வாய் வராதவர்களுக்கு, குட்டியைக் காப்பாற்றும் தாயின் ஒழுக்கத்தைப் பேச எந்த யோக்கியதையும் இல்லை.