கெளுத்தி கழற்றிக் கொடுத்த செதில்

அந்தக் காலத்தில் கெளுத்தி மீனுக்கும் உடம்பெல்லாம் செதில் இருந்தது. வெயில் பட்டால் பார்ப்பவர் கண் கூசும். கெளுத்திக்கு அதில் கொஞ்சநஞ்சப் பெருமையல்ல.

அது வாழ்ந்த குளத்துக்குக் கரியாள் என்ற எருமை தினமும் வருவாள். தை மாதம் கருவேல முள் கிழித்த காலில், ஆடி பிறந்தும் புண் ஆறவில்லை. களிமண் பூசினாள், மேலே காய்ந்து உள்ளே சீழ் கட்டியது. எருதின் புண் காக்கைக்குத் தெரியுமா? காக்கைகள் கொத்திவிட்டுப் போயின. மேய நடக்க முடியாமல் கரியாளுக்குப் பால் வற்றியது. கன்று மடியை முட்டி முட்டி ஏமாந்து, எலும்பாகிக் கிடந்தது.

கெளுத்தி புண்ணுக்கருகே வந்து உற்றுப் பார்த்தது. கரியாளின் உடம்பு சும்மா இருக்கவில்லை. சதை பற்றி ஏறுவதற்காக மெல்லிய நார் நூற்றுப் பந்தல் போட்டுக்கொண்டேயிருந்தது. புண்ணுக்குள் குடியிருந்த பசி அந்த நார்ப் பந்தலை உடனுக்குடன் தின்றுவிட்டது. கொழுகொம்பில்லாமல் கொடி ஏறுமா?

"அக்கா, அது தின்ன வேற நார் கொடுத்தா உன்னுதை விட்டுரும்," என்றது கெளுத்தி.

"வேற நாருக்கு நான் எங்கடி போவேன்?"

"என் செதிலும் அதே நாருதான்."

"வேண்டாம்டி! செதில் இல்லாம கொக்கு வாயில போயிருவே."

"போன வருசக் கோடையில குளம் வத்தினப்போ, உன் குளம்படித் தண்ணியிலதானே என் குஞ்சுக பிழைச்சுது? அதுக மேல நிழல் விழணும்னு நாளெல்லாம் வெயில்ல நின்னியே, உன் தோல் வெடிச்சதை நான் பார்க்கலையா?"

கெளுத்தி கல்லில் உரசி முதல் செதிலைக் கழற்றியது. உயிர் போய் உயிர் வந்தது. செதிலைப் புண்ணின் மேல் வைத்ததும் புண் அதைத் தின்றது, மாற்றமே இல்லை. இத்தனையும் வீணாகிவிடுமோ என்று கெளுத்திக்குப் பயம் பிடித்தது. ஆனாலும் தினம் கொஞ்சமாகக் கழற்றிக் கொடுத்தது. கடைசிச் செதிலோடு பசி அடங்கியது. பந்தல் நின்றது, சதை ஏறியது, தோல் மூடியது. கன்று வயிறு முட்டக் குடித்தது.

கெளுத்தி வெற்றுடம்போடு சேற்றுக்குள் இறங்கியது. அதைப் பார்த்துக் கரியாள் வாய்விட்டு அழுதாள்.

"இந்த இடத்துல எனக்கு மயிர் முளைக்க வேண்டாம்டி. மூடிக்கிட்டா நான் மறந்துருவேன்."

அன்று முதல்தான் கெளுத்திக்குச் செதில் இல்லை. ஆழமாய்ப் பட்டு ஆறின புண்ணின் தழும்பும், மயிரில்லாமல், செதிலைப் போலவே பளபளக்கிறது.