அப்பளத்தில் ஓடிய கம்ப்யூட்டர்

பழைய சாமான் ஏற்றும் லாரி நூற்பாலை வாசலில் வந்து நின்றதுமே பெத்தணசாமி கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினார். முப்பத்தெட்டு வருசமாக அங்கிருந்த ஒற்றைக் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்ப்பவர் அவர். புது மேலாளர் தமயந்தி, கழிக்க வேண்டிய சாமான்களின் பட்டியலும் கையுமாக அறைக்குள் வந்தார்.

“இதையும் தூக்கிரலாமா?”

பயம் வந்தால் பெத்தணசாமிக்கு வாய் நீளும்.

“இதையா? மேடம், ஒரு தடவை மூணு நாள் கரண்ட் இல்ல. மோர்ல ரெண்டு ஒயரைப் போட்டேன், ஓடுச்சு. ரசத்துக்கு மாத்தினேன் பாருங்க, குதிரைப் பாய்ச்சல்!”

“சாம்பார்ல போட்டா?” என்றார் கூட வந்த ஸ்டோர் கீப்பர் இன்னாசி.

“எழுத்து கெட்டியா விழும்யா.”

தமயந்தி சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தார். பெத்தணசாமி வேகத்தைக் கூட்டினார்.

“அப்புறம் ஃப்ளாப்பியில பூஞ்சை புடிச்சிருச்சு. கேன்டீன்ல ஒரு அப்பளம் வாங்கி உள்ள சொருகினேன். எழுநூறு பேர் வருகைப் பதிவும் பிசகாம ஏறிருச்சு.”

“பச்சை அப்பளமா, பொரிச்சதா?” என்றார் இன்னாசி.

“முதல்ல பச்சை. எடம் பத்தல, எடுத்துப் பொரிச்சேன். ரெண்டு மடங்கு விரிஞ்சிருச்சு!”

“இடி விழுந்ததைச் சொல்லலியே?” இன்னாசி ஏத்திவிட்டார்.

“விழுந்துச்சுல்ல, நேரா இது தலையில! முழுங்கிட்டு ஒரு ஏப்பம் விட்டுச்சு. அந்த ஏப்பத்துல ஏழு ஊர்க் கிரைண்டரும் நாலு நாள் நிக்காம ஓடுச்சு. மாவு வழிஞ்சு கண்மாய் ரொம்பிப் போச்சு. அந்த வெயிலுக்கு அப்படியே வெந்துருச்சு. வலை போட்டவன் எல்லாம் அந்த வருசம் இட்லிதான்யா புடிச்சான்!”

பேனா முனை பட்டியலைத் தொட்டது. பெத்தணசாமி கம்ப்யூட்டரை மறைத்து நின்றார்.

“மேடம், இது ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல.” அதில் மட்டும் புளுகு கம்மி.

“அப்படியா? அப்ப லீவு எக்கச்சக்கமா சேர்ந்திருக்குமே. இன்னையிலிருந்து எடுத்துக்கச் சொல்லுங்க.”

இன்னாசி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பெத்தணசாமி கம்ப்யூட்டரை ஒரு தரம் தடவிக்கொடுத்தார்.

“சரிங்க மேடம். ஆனா லீவு லெட்டரை இதுதான டைப் அடிக்கணும்? ஒரு பக்கத்துக்கு நாலு வருசம் ஆகும்.”

தமயந்தி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். பட்டியலில் கம்ப்யூட்டர் இருந்த வரியைக் கோடு போட்டு நீக்கினார். கதவுவரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

“எழுத்துப் பிழை ஒண்ணு இருந்தாலும் முதல்லேர்ந்து அடிக்கணும். இப்பவே சொல்லிட்டேன்.”