திரும்பிப் பார்க்காத நரித்தலைச் சாமி

மிருகங்களும் மனிதர்களும் ஒரே பேச்சுப் பேசிய காலம் அது. நரி என்றாலே தந்திரம், ஏமாற்று என்று நமக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். அதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கேளுங்கள். இது எகிப்து தேசத்து நரியின் கதை.

நைல் நதிக்கு மேற்கே, பாலைவனம் தொடங்குகிற இடத்தில், ஒரு ராஜா தனக்குக் கல்லறை வெட்டிக்கொண்டிருந்தான். அவன் பெயரை நான் சொல்லப் போவதில்லை. ஏன் என்று கடைசியில் உங்களுக்கே தெரியும். உயிரோடு இருக்கும்போதே கல்லறையா என்று கேட்காதீர்கள், அந்த ஊரில் அப்படித்தான். செத்தவரின் உடல் கெடாமல், துணி சுற்றி, முறையாக அடக்கம் செய்யப்பட்டால்தான் அவருக்கு அடுத்த வாழ்வு. உடல் போனால் எல்லாம் போயிற்று. ராஜாவுக்கும் அதே கதிதான், கல் உடைக்கிறவனுக்கும் அதே கதிதான்.

ஆனால் இந்த ராஜா ஒரு சட்டம் போட்டிருந்தான். கல்லறை வேலையில் யாராவது செத்தால் அவனுக்கு அடக்கம் கிடையாது. உறவுக்காரர்கள் அழுதுகொண்டு வந்தால் கல்லறைக்கு வழி ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமாம். உடலை மணலில் வீசிவிட்டு, நரி இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். என்ன ஒரு நியாயம் பாருங்கள்.

அந்தக் கல்லறையின் சுவரில் படம் எழுதுகிறவள் ஹெனுத். அவளுடைய தம்பி செனெபி அங்கேயே கல் வெட்டினான். ஒரு நாள் கூரைக் கல் பெயர்ந்து அவன் மேல் விழுந்தது. சேவகர்கள் அவனைத் தூக்கிப் போய் மணலில் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வந்தார்கள். வேலை முடிந்ததும் ஹெனுத் ஓடினாள். தம்பி கிடந்தான். பக்கத்தில் ஒரு கிழட்டுப் பெண் நரி உட்கார்ந்திருந்தது.

ஹெனுத் ஒரு கல்லை எடுத்தாள். "அவனைத் தொட்டே, மண்டையை உடைச்சிடுவேன்."

"போடு, போடு. காலையிலேர்ந்து கழுகை விரட்டி விரட்டி எனக்குத் தொண்டையே போச்சு. நீ இப்பத்தான் வர்றே, வந்ததும் கல்லு வேற" என்றது நரி.

"நீ திங்கறதுக்குத்தானே காத்துக் கிடக்கே?"

"செத்த மாட்டைத் திம்பேன். அதுல பொய் சொல்ல மாட்டேன். ஆனா உங்க ராஜா தூக்கிப் போட்டவங்க பழியெல்லாம் எங்க தலையில வந்து விழுது பாரு, அதுதான் எனக்கு வயிறு எரியுது. எங்க குட்டிங்களைப் பாத்தாக்கூட ஊர்க்காரங்க கல்லெறியறாங்க."

ஹெனுத் கல்லைக் கீழே போட்டாள். தம்பியின் முகத்திலிருந்த மண்ணைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். அவனைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, வழியெல்லாம் காவல். அங்கேயே பள்ளம் தோண்டி, சூட்டு மணலால் மூடினாள். அந்த மணலில் உடல் கெடாது. ஆனால் அது அடக்கமும் ஆகாது.

"நீ போய் உன் வேலையைப் பாரு. இவனை நான் பாத்துக்கறேன். ஒரு விரல்கூடக் குறையாது. ஆனா நான் காவல் இருந்ததை நீ ஊரறியச் சொல்லணும்" என்றது நரி.

"என் பேச்சை யாரு கேப்பாங்க? எனக்குத் தெரிஞ்சது படம் எழுதறது ஒண்ணுதான்."

"அப்ப எழுது" என்றது நரி. சொல்லிவிட்டு மணல் மேட்டின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

அப்போது சுவரில் எழுத வேண்டியிருந்தது செத்தவர்களைக் காக்கிற சாமியின் படம். கட்டிலில் ஒரு பிணம் கிடக்கும், சாமி அதன் பக்கத்தில் குனிந்து நிற்கும். அந்தச் சாமிக்கு அதுவரை இன்ன முகம் என்று கிடையாது. எழுதுகிறவருக்குத் தோன்றியதுதான் முகம். ராஜா ஹெனுத்தைக் கூப்பிட்டுச் சொன்னான்: "சாமிக்கு என் முகத்தைப் போடு. நேரா வாசலைப் பாத்து இருக்கணும். உள்ள வர்றவன் எவனா இருந்தாலும் என் கண்ணுல பட்டுத்தான் உள்ள வரணும்." தங்கப் பொடி, நீலம், மஞ்சள் எல்லாம் அரண்மனையிலிருந்து வந்து இறங்கின.

ஹெனுத் எழுதினாள். தோள், கை, கால், இடுப்புத் துணி எல்லாம் ராஜாவின் சாயத்தில் எழுதினாள். கழுத்துக்கு மேலே வந்ததும் அந்தக் கிண்ணங்களைத் தள்ளி வைத்துவிட்டாள். தன் விளக்குகளில் படிந்த கரியைச் சுரண்டி, பசையில் குழைத்து, தலையை எழுதினாள். கண்ணை வைத்து முடித்ததும் முகத்தின் மேல் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டாள்.

துணி போடுவது அந்த ஊர் வழக்கம். படம் முடிந்ததும் முகத்தை மூடிவிடுவார்கள். பூசாரி ஒரு சின்ன உளியை எடுத்துத் துணிக்கு மேலேயே வாயைத் தொடுவார். தொட்டதும் சாமிக்கு வாய் திறந்துவிடும், உயிர் வந்துவிடும். அதற்குப் பிறகுதான் துணியை எடுக்கலாம். உயிர் வந்த முகத்தை அழித்தால் அது கொலை, அழித்தவனுக்கு அடுத்த வாழ்வு கிடையாது. இதில் ராஜா, ஏழை என்ற பேதம் கிடையாது.

சடங்கு நாளில் பூசாரி உளியை எடுத்தார். ராஜா வெடுக்கென்று அதைப் பிடுங்கிக்கொண்டான். "என் முகத்துக்கு உயிர் குடுக்க நீ யாரு? நானே குடுக்கறேன்." பூசாரி ஒதுங்கி நின்றார். "வாய் எங்கே இருக்கு?" என்று ராஜா கேட்டான். ஹெனுத் விரலை வைத்துக் காட்டினாள். ராஜா தன் கையால் தொட்டான். பிறகு தானே துணியை உருவினான்.

சுவரில் கருகருவென்று ஒரு நரித் தலை. காது இரண்டும் விறைத்து நின்றன. மூக்கு நீண்டு, முகம் பக்கவாட்டில் திரும்பி, கட்டிலில் கிடந்தவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

ராஜா துணியைக் கீழே எறிந்தான். படத்துக்கு இப்போது வாய் இருந்தது.

"இந்தப் பக்கம் திரும்பு" என்று ராஜா கத்தினான். "நான் ராஜா. என்னைப் பாரு."

"இருந்துட்டுப் போ" என்றது நரித்தலை. "எனக்கு வேலை இருக்கு. படுத்திருக்கறவனைப் பாத்துக்கணும்."

"யாரு அவன்? அங்க படுக்க வேண்டியது நான்."

"இவன் செனெபி. உன் கூரைக் கல்லு விழுந்து செத்தவன். சுவத்துல படமா இருக்கான், உனக்குன்னு உள்ள போட்டிருக்கற கட்டில்ல இல்லை. வெளிய மணல்ல கிடக்கான். அவனைக் கொண்டாங்க. அது வரைக்கும் நான் கண்ணை எடுக்க மாட்டேன்."

ராஜா கல்தச்சர்களைப் பார்த்து, "சுரண்டுங்கடா அதை" என்றான். யாரும் அசையவில்லை. செனெபியோடு வேலை செய்த ஒருவன் தன் உளியைத் தரையில் வைத்தான். "உயிர் குடுத்தது உங்க கை ராஜா. அதை எடுக்க எங்க கை வராது. பாவம் வேணும்னா நீங்களே பண்ணிக்குங்க." அவனுக்குப் பக்கத்தில் இருந்தவனும் உளியை வைத்தான். பிறகு எல்லாரும் வைத்துவிட்டார்கள். ராஜா தானே ஒரு உளியை எடுத்துச் சுவர் வரை போனான். அங்கேயே நின்றுவிட்டான். அவனுக்கும் அடுத்த வாழ்வு வேண்டுமே. உளியை எறிந்துவிட்டு, "இந்தக் கல்லறையே எனக்கு வேண்டாம்" என்று சொல்லி வெளியே போய்விட்டான்.

கல்தச்சர்கள் போய்ச் செனெபியைத் தூக்கி வந்தார்கள். சொன்னபடி ஒரு விரல்கூடக் குறையவில்லை. ராஜாவுக்கென்று நெய்து வைத்திருந்த மெல்லிய துணியில் அவனைச் சுற்றினார்கள். கல்தச்சர்கள் வாய்விட்டு அழுதார்கள், இத்தனை நாள் செத்துப்போன எல்லாருக்கும் சேர்த்து அழுதார்கள். ராஜாவின் கட்டிலில் செனெபியைப் படுக்க வைத்தாள் ஹெனுத்.

கிழட்டு நரி பின்னாலேயே வந்து சுவரை அண்ணாந்து பார்த்தது. "மூக்கை இவ்வளவு நீளமா போட்டிருக்கியே?"

"உன் மூக்கு அவ்வளவுதான்."

"சரி, நான் மண்ணு நிறம். இது ஏன் கறுப்பு?"

"மத்த சாயமெல்லாம் அவனோடது. கரி மட்டுந்தான் என்னோடது" என்றாள் ஹெனுத்.

ராஜா வேறு இடத்தில் வேறு கல்லறை வெட்டினான். வேறு ஆளைப் பிடித்துச் சாமி படம் எழுதச் சொன்னான். அந்த ஆளும் நரித் தலையைத்தான் எழுதினான். ராஜா அவனை அடித்துப் பார்த்தான். அடுத்து வந்தவனும் அதே கரியைத்தான் குழைத்தான். கடைசியில் அந்த ராஜா எங்கே புதைந்தான், அவன் பெயர் என்ன என்பது யாருக்கும் நினைவில்லை. எனக்கும் தெரியாது. செனெபி பெயர்தான் தெரியும்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இது. அனுபிஸ் என்று இன்று சொல்கிறார்களே, அந்தச் சாமிக்கு உடம்பு மனிதன், தலை கரி நிற நரி. அந்த ஊர்க் கல்லறைகளில் எந்தச் சுவரிலும் போய்ப் பாருங்கள், எவ்வளவு பெரிய ஆள் எதிரே வந்து நின்றாலும் அது முகம் திருப்பாது. படுத்திருக்கிறவனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.