உட்கார நேரமில்லாதவள்

ஆற்றின் வடகரையில் அருளானந்த அடிகளின் தியானக் கூடம் இருந்தது. அங்கே சீடராகச் சேர ஒரே ஒரு நிபந்தனைதான். நாற்பது நாள் விடாமல், விடியற்காலையில் ஒரு நாழிகை நேரம் அசையாமல் உட்கார வேண்டும். இடையில் ஒரு நாள் எழுந்துவிட்டாலும் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

வஞ்சிக்கொடி மூன்று முறை தொடங்கினாள். மூன்று முறையும் தவறவிட்டாள்.

முதல் முறை, பதினோராம் நாள் அவளுடைய இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே சமயத்தில் காய்ச்சல் வந்தது. இரண்டாவது முறை, அந்த இரட்டையர் பொன்னனும் முத்தனும் கூடத்து வாசலில் ஒருவன் முடியை ஒருவன் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். மூன்றாவது முறை முப்பத்தெட்டு நாள் வரை போய்விட்டது. அன்று வெளியே வேப்பமரத்துத் தூளியில் கிடந்த கைக்குழந்தை சிட்டு பசித்து அழுதது. வஞ்சிக்கொடி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. எழுந்து போய்விட்டாள்.

மூத்த சீடர் திருமேனி அவளைக் கடிந்துகொள்ளவில்லை. பிள்ளைகள் வளரட்டும், அதற்கப்புறம் வரலாம், இது அவளுக்கான காலம் இல்லை என்று மெதுவாகத்தான் சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

இனி வருவதில்லை என்று முடிவு செய்து, சொல்லிக்கொண்டு போக அடிகளிடம் வந்தாள்.

"சாமி, எனக்கு இது வாய்க்காது. அடுப்பில் பால் பொங்கும். ஒருவன் சட்டையைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு நிற்பான், இன்னொருவன் அவனை இடித்துத் தள்ளுவான், இடுப்பில் ஒருத்தி இருப்பாள். என் மனசு இந்த மூன்று பேரிடமும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அதை எப்படி ஒன்றாகச் சேர்ப்பது?"

அடிகள் ஆற்றின் பக்கமிருந்து அவளை நோக்கித் திரும்பினார்.

"நாளைக் காலையில் உன் வீட்டில் வந்து உட்காருகிறேன்" என்றார்.

மறுநாள் பொழுது விடிந்ததும் திருமேனியோடு வந்துவிட்டார். வஞ்சிக்கொடியின் கணவன் அதற்கு முன்பே வண்டி பூட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருந்தான். வீட்டிலிருந்த நல்ல பாயைப் பிள்ளைகள் இரவே நனைத்திருந்தார்கள். அவள் கூச்சத்தோடு பழைய பாயை விரித்தாள். சத்தம் போடக் கூடாது என்று இரட்டையர்களிடம் கெஞ்சிச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவள் தலை மறைவதற்குள் பித்தளைத் தாம்பாளம் முழங்கத் தொடங்கிவிட்டது.

அடிகள் கண்ணை மூடினார். ஒருமுறை கூடத்துக்கு அருகே தென்னையில் இடி விழுந்தபோதும் அவர் இமை அசையவில்லை என்று ஊரில் சொல்வார்கள். சுவரோரமாகத் திருமேனியும் உட்கார்ந்தார். சிட்டுவுக்குப் பத்து மாதம். தவழ்ந்து தவழ்ந்து ஒரு மரக்கரண்டியைத் தரையில் தட்டிக்கொண்டு இருவரையும் சுற்றி வந்தாள்.

அடுப்படியில் கஞ்சி கொதித்தது. வஞ்சிக்கொடி அம்மியில் துவையல் அரைத்தாள். தாம்பாளம் யாருக்கு என்ற வழக்கு சுவரைத் தாண்டி வந்தது. திரும்பிப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னாள். விறகைத் தள்ளினாள். மறுபடி அரைத்தாள்.

திடீரென்று அம்மிக்குழவியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

திருமேனி கண் திறந்து பார்த்தார். எதற்காக ஓடி வருகிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. யாரும் கத்தவில்லை, எதுவும் விழவில்லை. பிள்ளைகள் முன்போலவே தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடிகளின் முதுகுக்குப் பின்னால் சிட்டு உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்திருந்தது. குரல் வரவில்லை. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

வஞ்சிக்கொடி ஒரே எட்டில் குழந்தையை வாரினாள். முன்கையில் குப்புறக் கிடத்தி, தலையைத் தாழ்த்திப் பிடித்து, முதுகின் நடுவே உள்ளங்கையால் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று. அவள் முகத்தில் பயமே இல்லை. பயப்பட அவளுக்கு நேரம் இல்லை. நான்காவது தட்டில் ஒரு புளியங்கொட்டை தெறித்து விழுந்தது.

சிட்டு வீறிட்டு அழுதாள். வீடே அதிர்ந்தது. அந்த அழுகையைக் கேட்டு வஞ்சிக்கொடி சிரித்தாள். சிரித்துக்கொண்டே குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஓடிப்போய், பொங்கி வழிந்த கஞ்சியை இறக்கி வைத்தாள்.

அடிகள் எழுந்து அடுப்படி வாசலுக்கு வந்தார்.

"குழந்தை கத்தியதா அம்மா?"

"இல்லை சாமி. மூச்சே அடைத்திருந்தது. எப்படிக் கத்தும்?"

"பிறகு எதைக் கேட்டு ஓடி வந்தாய்?"

வஞ்சிக்கொடி யோசித்தாள். இதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை.

"கரண்டி தட்டுகிற சத்தம் நின்றது சாமி."

"தாம்பாளம் முழங்குகிறது, கஞ்சி கொதிக்கிறது, நீ அம்மி அரைக்கிறாய். இத்தனைக்கும் நடுவிலா?"

"ஆமாம் சாமி" என்றாள், ஏதோ தப்புச் செய்துவிட்டவள் போல.

அடிகளின் பக்கத்தில் யார் உட்காருவது என்று இரட்டையர்கள் சண்டை போட்டார்கள். அவர் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து கஞ்சி குடித்துவிட்டுப் புறப்பட்டார்.

பௌர்ணமியன்று புதிய சீடர்களை ஏற்பது வழக்கம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரும்படி வஞ்சிக்கொடிக்கு ஆள் வந்து சொல்லிப் போனான். வாசலோரம் நின்று பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் அவள் போனாள். அடிகளே எழுந்து வந்து, வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைக் கடந்து அவளை முன்னால் அழைத்துப் போனார். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இடுப்பில் ஒன்று, முந்தானையைப் பிடித்துக்கொண்டு இரண்டு. சேலையில் காலையில் தெறித்த மஞ்சள் கறை அப்படியே இருந்தது. ஆனாலும் அவள் தலை குனியவில்லை.

முதல் வரிசையில் இடம் இல்லை. திருமேனி எழுந்தார். தன் இடத்தில் அவளை உட்காரச் சொல்லிக் கைகூப்பிவிட்டு, கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தார்.

பின்னாலிருந்து ஒரு சீடர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சாமி, இவர் முப்பத்தெட்டாம் நாள் பாதியில் எழுந்து போனவர். நாற்பது நாள் நிறையவில்லையே?"

வஞ்சிக்கொடியின் மடியில் ஏறி உட்கார இரட்டையர்கள் முட்டி மோதி முடிக்கும் வரை அடிகள் காத்திருந்தார்.

"அன்றைக்கு அந்தக் குழந்தை என் முதுகுக்குப் பின்னால், ஒரு முழத் தூரத்தில் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது" என்றார். "நான் அமைதியாக இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் இவள் விழித்திருந்தாள்."