அடிபம்புச் சாவி

எத்தியோப்பியாவின் வடக்கு மலைகளில், பாறையைக் குடைந்து செய்த ஒரு சிறு தேவாலயம் உண்டு. அதை ஒட்டிய குகையில் செராய் என்ற துறவி இருந்தார். அந்த நாட்டில் துறவிகளை அப்பா என்றுதான் அழைப்பார்கள்.

அவருடைய சீடன் கிடானே. குருவைவிட நான்கு வயது மூத்தவன். சிறுவயதில் இருவரும் ஒன்றாக ஆடு மேய்த்தவர்கள். பிறகு ஒருவர் மலை ஏறினார். இன்னொருவன் நகரத்துக்குப் போய்ப் படித்தான். படித்தவன் பொறியாளனாக ஊருக்குத் திரும்பியபோது ஒரு தொண்டு நிறுவனத்தின் வேலையோடு வந்தான். ஊருக்கு ஓர் அடிபம்பு. வீட்டுக்கு ஒரு புகையில்லா அடுப்பு.

மாலையில் வேலை முடிந்ததும் மலை ஏறுவான். செராயின் கைச்சிலுவையை முத்தமிட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்பான். ஒன்றுதான். அது அவர்களுக்குள் வழக்கம்.

ஊரில் சிரித்தார்கள். "ஆட்டைத் தொலைச்சதுக்கு அன்னைக்கு அவன் காதைத் திருகினவன், இன்னைக்கு அவன் முன்னாலேயே குனியறான் பாரு."

ஒருநாள் கிடானே கோபத்தோடு வந்தான். சிலுவையை முத்தமிடும்போதே பேச ஆரம்பித்துவிட்டான்.

"அப்பா, இந்த ஜனங்களுக்கு எப்படிச் சொன்னால் புரியும்?"

"என்ன நடந்தது?"

"மெப்ராத் அக்கா வீட்டுக்குப் போனேன். மூன்று கல்லை வைத்து, சாணி வறட்டியை எரித்து அப்பம் சுட்டுக்கொண்டிருக்கிறாள். வீடு முழுக்கப் புகை. கண் இரண்டும் சிவந்து கிடக்கிறது. குழந்தை ஹிவேத் மடியில் இருமிக்கொண்டிருக்கிறது. நான் கொடுத்த அடுப்பு எங்கே தெரியுமா? மூலையில். வெள்ளைத் துணி போர்த்தி, மேலே பிளாஸ்டிக் பூ வைத்திருக்கிறாள்."

"நீ கேட்டாயா?"

"கேட்டேன். 'அடுப்பு எதுக்கு அக்கா இருக்கு?' என்றேன். 'பத்தவச்சா கரி பிடிக்குமே தம்பி' என்கிறாள். 'நீதானே சொன்னே, பத்திரமா வச்சுக்கோங்க, வெளிநாட்டு விருந்தாளிங்க வந்து பாப்பாங்கன்னு. கறுத்துக் கிடந்தா உனக்கில்ல கெட்ட பேரு? நம்ம ஊருல முத முதலா வேலைக்குப் போனவன் நீ. அவங்க வந்துட்டுப் போகட்டும், அப்புறம் பத்தவைக்கிறேன்' என்கிறாள். ஒரு வீடு இல்லை அப்பா, எல்லா வீட்டிலும் இதே கதை. துணி மட்டும்தான் வேறு வேறு நிறம்."

செராய் சிரிக்கவில்லை. சிரிப்பார் என்று கிடானே எதிர்பார்த்திருந்தான்.

"காபி போடலாம். தண்ணீர் கொண்டு வா" என்றார்.

கிடானே குடத்தை எடுத்துக்கொண்டு மலை இறங்கினான். ஊர் எல்லையில் புது அடிபம்பு நின்றது. நீல வண்ணத்தின் புது வாசனை இன்னும் போகவில்லை. கைப்பிடியைச் சங்கிலியால் சுற்றிப் பூட்டியிருந்தது. அதைத் தாண்டிப் போனான். மாடுகள் இறங்கிக் குடிக்கும் குட்டையில் குடத்தை முக்கினான். மேலே வந்தபோது வியர்த்திருந்தது.

செராய் தன் மேல்துணியை மடித்துத் தண்ணீரை வடிகட்டினார். துணியில் பழுப்பாகச் சேறு தங்கியது. அதை உதறிவிட்டுத் தண்ணீரை நெருப்பில் வைத்தார்.

"எங்கே எடுத்தாய்?"

"குட்டையில்."

"வழியில் வேறு தண்ணீர் இல்லையா?"

"இருக்கிறது. பூட்டியிருக்கிறது."

"சாவி?"

கிடானே கழுத்துக் கயிற்றைத் தொட்டான். சிலுவை தொங்கும் அதே கயிற்றில் சாவியும் தொங்கியது.

அந்த ஊரில் காபி மூன்று முறை ஊற்றுவார்கள். மூன்றாவது கோப்பை ஆசீர்வாதம். அதைக் குடிக்காமல் யாரும் எழுந்து போவதில்லை.

முதல் கோப்பை முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. செராய் மூன்றாவதை ஊற்றினார்.

"என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை அப்பா."

"அதைத்தான் இருவரும் குடித்துக்கொண்டிருக்கிறோம்."

கிடானேயின் முகம் மாறியது.

"அது வேறு, இது வேறு. கிழக்கே ஒரு ஊரில் விழாவுக்கு முன்னாலேயே பம்பைத் திறந்துவிட்டார்கள். பிள்ளைகள் தொங்கி விளையாடிக் கைப்பிடியை ஒடித்துவிட்டார்கள். பணம் கொடுத்த விருந்தாளிகள் வந்தபோது தண்ணீர் வரவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கு மேலே இருந்த ஊர்களுக்கு வரவேண்டிய பம்பு வரவே இல்லை. திறப்பு விழாவுக்கு முன் ஒரு சொட்டும் வெளியே வரக்கூடாது என்று எங்கள் நிறுவனத்தின் இயக்குநர் எனக்கு உத்தரவு போட்டிருக்கிறார். இது போனால் எனக்கு வேறு வேலை யார் தருவார்கள்? என் வீட்டில் என் சம்பளத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது?"

"நான் திற என்று சொன்னேனா?"

"இல்லை."

"பிறகு யாருக்குப் பதில் சொல்கிறாய்?"

கிடானே எழுந்தான். மூன்றாவது கோப்பை ஊற்றி வைத்தபடி இருந்தது. அதைத் தொடாமல் இறங்கிப் போய்விட்டான்.

செராய் அதை மீண்டும் பானையில் ஊற்றி மூடினார்.

விழாவுக்குக் குறித்த நாளுக்கு முன்பு பெருமழை பெய்தது. மலைப்பாதை ஓரிடத்தில் சரிந்து விழுந்தது. விருந்தாளிகளின் வண்டி வர முடியவில்லை. விழா தள்ளிப்போனது. மழைத்தண்ணீர் மலைச்சரிவின் சாணத்தையெல்லாம் அடித்துக்கொண்டு வந்து குட்டையில் சேர்த்தது.

மெப்ராத்தின் குழந்தைக்கு வாந்தியும் பேதியும் கண்டது. ஆஸ்பத்திரி, சரிந்த பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

மெப்ராத் மஞ்சள் கேனைத் தூக்கிக்கொண்டு கிடானேயின் வாசலுக்கு வந்தாள்.

"தம்பி, ஒரு கேன். ஒண்ணே ஒண்ணு."

"அக்கா, உப்பும் சர்க்கரையும் கலந்து கொடு. பொட்டலம் தர்றேன். அதைவிட நல்ல மருந்து கிடையாது."

"எந்தத் தண்ணியில கலக்கறது?"

கிடானேயின் கை கழுத்துக் கயிற்றுக்குப் போய்த் திரும்பியது.

"கொதிக்க வச்சுக் கலக்கு அக்கா."

"மழையில வறட்டியெல்லாம் கரைஞ்சு கிடக்கு. ஈரத்தை ஊதி ஊதி ஒரு டம்ளர் காய்ச்சறதுக்குள்ள பிள்ளை ரெண்டு டம்ளர் வெளிய தள்ளிடறா." கேனை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அன்னைக்கு நீ சோதிச்சுப் பாத்தப்போ தண்ணி வந்துச்சே. கண்ணாடி மாதிரி. நாங்க எல்லாம் கை தட்டினோம். அது அப்படியே தரையில ஓடிச்சு. அப்பவே ஒரு குடம் பிடிச்சு வச்சிருக்கணும். புத்தி இல்ல எனக்கு."

"அக்கா..."

"சரி விடு. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். குட்டைப் பக்கம்தான் போனாள்.

அன்று நோன்பு நாள். செராய் வெயில் சாயும்வரை தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. குகை வாசலில் உட்கார்ந்திருந்தார். கிடானே ஓடிவந்தான். சிலுவையை முத்தமிட மறந்துவிட்டான்.

"அப்பா, திறக்கலாமா?"

செராய் ஊரைப் பார்த்தார். கூரைகளின் வழியே ஈரப்புகை கசிந்துகொண்டிருந்தது.

"எத்தனையோ வருஷமாக இந்த ஊருக்கு நான் நோன்பு சொல்கிறேன். நோன்பு நாளில் குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா என்று எந்தத் தாயும் மலை ஏறி வந்து என்னைக் கேட்டதில்லை."

கிடானே சட்டென்று திரும்பினான். இறங்கும்போது இரண்டு இடத்தில் கால் சறுக்கியது. பம்படிக்கு வந்து கழுத்துக் கயிற்றைக் கழற்றினான். சாவியைப் பூட்டுக்குள் விட்டான்.

அப்போது போன் அடித்தது. இயக்குநர்.

"கிடானே, பாதையைச் சரி செய்துவிட்டார்கள். நாளைக் காலையில் வருகிறோம். எல்லாம் அப்படியே இருக்கிறது அல்லவா?"

சாவி பூட்டுக்குள் இருந்தது. திருப்பவில்லை.

"இருக்கிறது ஐயா."

"பூட்டு?"

"இருக்கிறது."

"உன்னை நம்பித்தான் இந்த ஊரைக் கொடுத்தேன். நாளையோடு நீ நிரந்தரம்."

போனை வைத்தான். நாளைக் காலைதானே என்று நினைத்தான். விருந்தாளிகள் வண்டியிலேயே குழந்தையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம் என்றும் நினைத்தான். அப்படி நினைத்ததும் மனசு லேசானது. சாவியை உருவிக் கழுத்தில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் வண்டிகள் வந்தன. மேளம் அடித்தார்கள். பம்பின் குறுக்கே சிவப்பு நாடா கட்டியிருந்தது. விருந்தாளிகள் முதலில் சில வீடுகளுக்குள் போனார்கள். பளபளக்கும் அடுப்புகளைப் பார்த்தார்கள். மேலே போர்த்தியிருந்த துணிகளை முன்கூட்டியே எடுத்துவிட்டிருந்தார்கள்.

"எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள்!" என்றார் ஒருவர். இயக்குநர் கிடானேயின் தோளைத் தட்டினார்.

தண்ணீரை ஆசீர்வதிக்கச் செராயை அழைத்திருந்தார்கள். அவர் வந்து, சிலுவையைப் பம்பின் மேல் தொட்டு, ஜெபம் சொன்னார். கிடானே பூட்டைத் திறந்தான். நாடாவை வெட்டினார்கள். தண்ணீர் வந்தது. கண்ணாடி மாதிரி.

"ஒரு தாய் வந்து முதல் தண்ணீர் பிடித்தால் படம் நன்றாக இருக்கும்" என்றார் படமெடுப்பவர்.

யாரும் கூப்பிடுவதற்கு முன்னால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மெப்ராத் வந்தாள். மஞ்சள் கேனை வைத்தாள். கைப்பிடியை அடித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். படம் எடுத்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. கேன் நிரம்புவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிடானே குனிந்து கேனுக்குக் கை கொடுத்தான். "அக்கா, வண்டி வந்திருக்கு. சொல்லி வச்சிருக்கேன். ஹிவேத்தைத் தூக்கிட்டு வா, போயிடலாம்."

"வேண்டாம் தம்பி."

"ஏன் அக்கா? நேத்து மாதிரி இல்ல, பாதை சரியாயிடுச்சு."

"குளிப்பாட்டணும்" என்றாள் மெப்ராத். "விடியறதுக்கு முன்னாலயே போயிட்டா. குட்டைத் தண்ணியில குளிப்பாட்ட மனசு வரல. அதான் திறக்கட்டும்னு காத்திருந்தேன்."

கேனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போனாள். பின்னால் இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடக்கம் முடிந்தது. செராய்தான் ஜெபம் சொன்னார். விருந்தாளிகள் அதற்குள் போய்விட்டிருந்தார்கள். மெப்ராத்தின் வீட்டில் துக்கத்துக்கு வந்தவர்களுக்காக மூன்று கல்லில் பெரிய பானை ஏறியிருந்தது. மூலையில் அடுப்பு பளபளவென்று இருந்தது. அதன் மேல் குழந்தையின் சட்டையை யாரோ மடித்து வைத்திருந்தார்கள்.

மாலையில் கிடானே மலை ஏறினான். சிலுவையை முத்தமிட்டான். கேள்வி கேட்கவில்லை.

செராய் காபி போட்டார். தண்ணீரை வடிகட்டவில்லை. முதல் கோப்பை ஊற்றினார். இரண்டாவது ஊற்றினார். கிடானே இரண்டையும் குடித்தான். பிறகு பேசினான்.

"அப்பா, 'திற' என்று நீங்கள் ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கே திறந்திருப்பேன்."

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லவில்லை?"

செராயின் கை கோப்பையின் மேல் நின்றது. கீழே பம்பு அடிக்கும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

"நான் உனக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன்."

மூன்றாவது கோப்பையை ஊற்றினார். தனக்கும் ஒன்று ஊற்றிக்கொண்டார். இருவரும் தொடவில்லை. ஆவி அடங்கியது. கிடானே எழுந்திருக்கப் பார்த்தான்.

"உட்கார்" என்றார் செராய். "இதைக் குடிக்காமல் போகக் கூடாது. குடி, கிடானே. நல்ல தண்ணீர்."